பட்டன் கண் அம்மாவைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு ஏழு வயசில் ஒரு பொண்ணு, பத்து வயசில் ஒரு பையன். பையனோட வகுப்பில் பாதிப் பேர் 'கோரலைன்' என்கிற கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டார்களாம், எனக்கும் போட்டுக் கொடு என்று நச்சரிக்கிறான். போஸ்டரைப் பார்த்தால் பொம்மைப் படம் மாதிரிதான் தெரிகிறது. பக்கத்து வீட்டில் கேட்டால் 'ஐயோ, அது பேய்ப்படம்' என்கிறார்கள். அவனுக்குப் போட்டால் சின்னவளும் வந்து உட்கார்ந்துவிடுவாள். போடலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பையனுக்குப் போடலாம், நீங்களும் கூட உட்காருவதாக இருந்தால். பொண்ணுக்கு இப்போது வேண்டாம், இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். அவள் பள்ளிக்கோ பாட்டி வீட்டுக்கோ போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் பையனுக்குப் போடுங்கள். பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டால் கதவிடுக்கில் நின்று பார்ப்பாள், உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பதைவிட அது மோசம், ஏனென்றால் பயங்கரமான துண்டு மட்டும் கண்ணில் பட்டு முடிவு தெரியாமலே போய்விடும்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பிள்ளைக்குக் காட்டலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கு முடிவு முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லதுதான். 2009-இல் வந்த அமெரிக்கப் படம் இது. இயக்கியவர் ஹென்றி செலிக், எடுத்தது ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் லைக்கா என்ற ஸ்டூடியோ. கம்ப்யூட்டரில் வரைந்த படமில்லை, நிஜமான பொம்மைகளைச் செய்து, துளித்துளியாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் படம் பிடித்திருக்கிறார்கள். துணியின் நெசவு, ஸ்வெட்டரின் நூல், தலைமுடி எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். படத்தின் அழகும் அதுதான், பயமும் அதுதான், கையால் தொடக்கூடிய பொருளாகத் தெரிவதால் அது 'வெறும் கார்ட்டூன்' என்று சின்னப் பிள்ளையின் மனசுக்குத் தோன்றாது.

கோரலைன் பதினோரு வயதுப் பெண். மிச்சிகனிலிருந்து ஆரிகனில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறாள். புது ஊர், நண்பர்கள் இல்லை, வெளியே மழை. அம்மாவும் அப்பாவும் தோட்டக்கலைக் கேட்லாக் ஒன்றுக்காக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், இவளை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. சுவரில் ஒட்டிய வால்பேப்பருக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பகலில் திறந்தால் செங்கல் சுவர், இரவில் திறந்தால் ஒரு சுரங்கப்பாதை. அந்தப் பக்கம் போனால் அதே வீடு, அதே அம்மா, அதே அப்பா. ஆனால் இந்த அம்மா சிரித்த முகத்தோடு சமைத்துப் போடுகிறாள். மாம்பழ மில்க்ஷேக் என்று வாயைத் திறந்து கேட்டால் மேலே தொங்குகிற விளக்கே இறங்கிவந்து கோப்பையில் ஊற்றுகிறது. அப்பா பியானோ வாசிக்கிறார், தோட்டத்துப் பூக்களை மேலிருந்து பார்த்தால் இவள் முகம் மாதிரியே இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே எல்லாருக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டன் தைத்திருக்கிறது.

படம் பாதியை நெருங்கும்போது அந்த அம்மா ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் நகர்த்தி வைக்கிறாள். உள்ளே இரண்டு பட்டன், ஊசி, நூல். நீ இங்கேயே இருந்துவிடலாம், உன் கண்ணிலும் இதைத் தைத்துக்கொண்டால் போதும் என்கிறாள், கறி வைக்கட்டுமா என்று கேட்கிற அதே குரலில். ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. படத்திலேயே கொடூரமான இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், பின்னால் அவள் எலும்பும் ஊசியுமாய்ச் சிலந்தி போல மாறுகிற காட்சியைவிட.

கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பையனின் வாயை எப்போதும் சிரித்தபடி இருக்கத் தைத்துவிடுகிறாள். முன்பு அவளிடம் மாட்டிய மூன்று குழந்தைகளின் ஆவிகள் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் அடைபட்டிருக்கின்றன. கோரலைன் தப்பித்து வீட்டுக்கு வந்தால் நிஜ அம்மா அப்பாவைக் காணோம், அந்த இரவு தனியாகப் படுக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் அவளே திரும்பிப் போய், பந்தயம் கட்டி, அந்தக் குழந்தைகளின் கண்களையும் பெற்றோரையும் மீட்டு வருகிறாள். பூனை ஒன்று அந்த அம்மாவின் பட்டன் கண்ணைப் பிய்த்து எடுக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கதவில் துண்டான அவள் கை மட்டும் ஊசி விரல்களோடு ஊர்ந்து வருகிறது, அதையும் நசுக்கிக் கிணற்றில் போட்ட பிறகுதான் படம் முடிகிறது.

இதுபோக, பெரியவர்களுக்கான சிரிப்புக் காட்சி ஒன்றும் நடுவில் உண்டு. வயதான இரண்டு நாடக நடிகைகள் மேடையில் ஆடுகிறார்கள், ஒருத்தி பெயருக்குத்தான் துணி போட்டிருக்கிறாள். பையன் பக்கத்தில் இருக்கும்போது திடீரென்று வந்தால் சங்கடமாக இருக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படத்தில் பயமுறுத்துவது பூதமோ காட்டேரியோ இல்லை, அம்மாவின் முகம். பேய் வெளியிலிருந்து வந்தால் பிள்ளை ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளும். அம்மாவே அப்படி மாறினால் எங்கே ஓடும்? பிள்ளைகளும் பயமும் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோவன் காண்டர் 1980-களில் 'இன்கிரெடிபிள் ஹல்க்' டிவி தொடரை வைத்து ஒரு விஷயத்தைக் கவனித்தார். நல்ல மனிதர் ஒருவர் பச்சை ராட்சதனாக மாறும் தொடர் அது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அவர் மாறிய பிறகுதான் அதிகம் பயந்தார்கள், உள்ளே இருப்பது அதே நல்லவர்தான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. பெரிய பிள்ளைகளோ அவர் ஆபத்தில் சிக்கியபோது பயந்து, மாறியதும் நிம்மதியானார்கள். தோற்றத்தைத் தாண்டிக் கதையைப் பிடித்துக்கொள்ளும் திறமை வயதோடு வருவது, அதட்டியோ புத்திசாலி என்று புகழ்ந்தோ அதை முன்கூட்டியே வரவழைக்க முடியாது. ஏழு வயது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வயது, சில பிள்ளைகளுக்கு வந்திருக்கும், சிலருக்கு இன்னும் வந்திருக்காது. அம்மாவை வைத்து அந்தப் பரீட்சையை எழுத வைக்க வேண்டாம் என்றுதான் சின்னவளுக்கு நான் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

பையனுக்குப் பத்து வயது என்பதால் மட்டும் நான் சரி சொல்லவில்லை. வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிதாகத் தம்பி தங்கை பிறந்திருக்கிறதா, நீங்கள் வேலைக்காக வேறு ஊரில் இருந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறீர்களா, சமீபத்தில் வீடு மாறி, பள்ளி மாறித் தவிக்கிறானா, வீட்டில் பெரியவர்களுக்குள் சண்டையா? 'அம்மா என்னைக் கவனிக்கவே மாட்டேங்கிறாங்க' என்ற எண்ணம் ஏற்கெனவே ஓடுகிற பிள்ளைக்கு இந்தப் படம் நேராக அந்த இடத்திலேயே கை வைக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் தாராளமாகப் பார்க்கட்டும், அந்தப் பெண் பயந்துகொண்டே திரும்பிப் போகிற காட்சி பத்து வயதுப் பிள்ளைக்கு நிறையக் கொடுக்கும்.

ஒரு சுலபமான சோதனை உண்டு. படத்தின் பெயர் ஓடுகிற முதல் இரண்டு மூன்று நிமிடத்தை மட்டும் நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். ஊசி விரல்கள் ஒரு துணிப் பொம்மையை எடுத்து, பட்டன் கண்ணை அறுத்து, வாய்த் தையலைப் பிரித்து, உள்ளே அடைத்ததை எல்லாம் வெளியே இழுத்து, புறத்தை உள்ளாகத் திருப்பி, வேறொரு பொம்மையாகத் தைக்கின்றன. படம் முழுவதற்கும் சுருதி அந்தக் காட்சியிலேயே சேர்ந்துவிடுகிறது. உங்களுக்குச் சரியென்று பட்டால் பையனுக்கு அதை மட்டும் போட்டுக் காட்டி அவன் முகத்தைப் பாருங்கள். 'எப்படிப்பா தைக்குது!' என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் தொடருங்கள். உங்கள் கையைத் தேடினாலோ, தேவையில்லாமல் சிரித்தாலோ, தண்ணி குடிக்க எழுந்து போனாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

'பயமா இருக்காடா?' என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள், 'இல்லை' என்றுதான் சொல்வான். இந்தப் படத்துக்கே இதில் ஒரு கதை உண்டு. படத்துக்கு மூலம் நீல் கெய்மன் எழுதி 2002-இல் வெளிவந்த ஒரு நாவல். கையெழுத்துப் பிரதியைப் படித்த அவருடைய ஏஜென்ட் (எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களோடு பேசுகிறவர்), இது பிள்ளைகளுக்கு ஆகாது, ரொம்பப் பயங்கரம் என்றாராம். உங்கள் பெண்களுக்குப் படித்துக் காட்டிப் பாருங்கள் என்று கெய்மன் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். படித்துக் காட்டியபோது அந்தப் பெண்கள் பயப்படவே இல்லை, அதனால் புத்தகம் பிள்ளைகளுக்கானதாகவே வந்தது. வருஷங்கள் கழித்து அவர்களில் ஒரு பெண் கெய்மனிடம் சொன்னாளாம், எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் காட்டிக்கொண்டால் அம்மா படிப்பதை நிறுத்திவிடுவாரே, அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை என்று. பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் பேச்சு வாங்கக் கூடாது என்பதும் உங்கள் பையன் விஷயத்தில் சேர்ந்துகொள்ளும்.


கேள்வி: சினிமா, ஓடிடி எல்லாவற்றிலும் யு, யு/ஏ 7+, 13+ என்று போடுகிறார்களே, அதைப் பார்த்து முடிவு செய்தால் போதாதா? இவ்வளவு யோசிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: பார்க்க வேண்டும், அதோடு நின்றுவிடக் கூடாது. தியேட்டர் படங்களுக்கு முன்பு யு/ஏ என்று ஒரே பிரிவுதான் இருந்தது, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். 2023-இல் சட்டத்தைத் திருத்தி அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள், நல்ல மாற்றம். ஓடிடியில் இதே மாதிரியான வகைகள் 2021 விதிகளின்படி இருக்கின்றன, அங்கே அந்தந்த நிறுவனமே தன் படத்துக்கு வகை போட்டுக்கொள்கிறது. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. இதுவரை அந்தப் பூட்டைப் போடாதவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் போய்ப் போட்டுவிடுங்கள்.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் பொதுவாகப் பிள்ளைகளுக்கு என்று போட்டவை, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்று போட்டவை இல்லை. அமெரிக்காவில் 'கோரலைன்' படத்துக்கு பிஜி கொடுத்தார்கள், அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம். அதே பிஜி வாங்கிய எத்தனையோ படங்கள் ஐந்து வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே பார்க்கக்கூடியவை. 1984 வரை அங்கே பிஜிக்கும் அதற்கு மேலே இருந்த ஆர் என்ற வகைக்கும் நடுவில் எதுவுமே கிடையாது, பிஜி வாங்கிய சில படங்களைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டுப் பெற்றோர் கொதித்த பிறகுதான் பிஜி-13 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

என்னைக் கேட்டால் எண்ணைவிட அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் காரணம்தான் உபயோகமானது. இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் எழுதிய காரணத்தில் பயமுறுத்தும் காட்சிகள், இரட்டை அர்த்த நகைச்சுவை இரண்டும் இருக்கின்றன. ஆனால் 'அம்மா மாறிவிடுவாள்', 'பெற்றோர் காணாமல் போவார்கள்' என்று எந்தச் சான்றிதழிலும் எழுத மாட்டார்கள். அதை நீங்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அல்லது ஏற்கெனவே பார்த்த ஒரு பெற்றோரிடம் 'எந்த இடத்தில் உங்கள் பிள்ளை பயந்தது?' என்று கேட்க வேண்டும். 'படம் எப்படி?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும்.


கேள்வி: கோடை லீவில் பெரியப்பா வீட்டில் அண்ணன்களோடு உட்கார்ந்து என் மகன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். வயது ஆறு. அன்றிலிருந்து ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போவதில்லை. தூங்கும்போது விளக்கை அணைக்க விடுவதில்லை. நேற்று நான் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன், ஊசியைப் பார்த்ததும் அழுதுகொண்டே ஓடிவிட்டான். 'அது பொய்டா, பொம்மைடா' என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. முதலில் உங்களுக்கு ஒரு வார்த்தை, இதற்காக அண்ணன்களையோ பெரியம்மாவையோ அவன் காதுபடத் திட்டாதீர்கள், தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவன் பயம் இன்னும் உள்ளே போய்விடும்.

'அது பொய்' என்பது இந்த வயதில் வேலை செய்யாது. பொய் என்று அவனுக்கும் தெரியும், தெரிந்தும் பயம் போகவில்லை, அப்படியிருக்க அம்மாவும் அதையே சொன்னால் தன் பயம் அம்மாவுக்குப் புரியவில்லை என்றுதான் நினைப்பான். சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கத்தைவிட உடம்பால் கிடைக்கும் ஆறுதல்தான் பலிக்கும், அந்த காண்டர் அம்மாவும் இதையேதான் சொல்கிறார். அணைத்துக்கொள்ளுங்கள், குடிக்க ஏதாவது சூடாகக் கொடுங்கள், சின்ன நைட் லாம்ப் எரியட்டும், பாத்ரூமுக்குக் கூடப் போய் வாசலில் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பகலில், நல்ல வெளிச்சத்தில், அவனாகப் பேச்செடுத்தால் பேசுங்கள். 'அப்புறம் அந்தப் பூனை என்ன பண்ணுச்சு?' என்று கேளுங்கள், அந்தப் படத்தில் பிள்ளைக்குத் துணை நிற்பது பூனைதான், பேச்சைப் பூனை பக்கம் திருப்பினால் கதையில் தைரியமான இடங்கள் அவனுக்கே நினைவுக்கு வரும். முடிவு பார்த்தானா என்றும் விசாரியுங்கள். பயந்து பாதியில் எழுந்து போயிருந்தால் அவன் மனசில் அந்தப் பெண் இன்னும் அங்கேயேதான் மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் தப்பித்துவிட்டாள், அம்மா அப்பா கிடைத்துவிட்டார்கள், எல்லாரும் சேர்ந்து தோட்டத்தில் செடி நடுகிறார்கள் என்று வாயால் சொல்லுங்கள், படத்தை மறுபடி போட்டுக் காட்ட வேண்டாம்.

ஊசி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கொஞ்ச நாள் அவன் தூங்கிய பிறகு தையுங்கள். அப்புறம் ஒரு நாள் பட்டன் டப்பாவை மட்டும் கொடுங்கள், ஊசி இல்லாமல். கலர் கலராகப் பிரித்து அடுக்கட்டும், காகிதத்தில் ஒட்டிப் பூச்செடி செய்யட்டும். அவனாக எடுத்து விளையாட ஆரம்பித்த பிறகு, அவன் சட்டைக்கே ஒரு பட்டன் தைக்க வேண்டியிருக்கிறது, நூலைப் பிடிக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் சில வாரத்தில் தணிந்துவிடும். அப்படி இல்லாமல் பள்ளிக்குப் போக மறுப்பது, உங்கள் முகத்தைப் பார்க்கவே தயங்குவது, சாப்பாடு குறைவது என்று நீண்டால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.


கேள்வி: எங்கள் ஆச்சி சொல்லாத பேய்க்கதையா? கொள்ளிவாய்ப் பிசாசு, புளியமரத்து முனி என்று தினமும் கேட்டுத்தான் வளர்ந்தோம். இப்போதைய பிள்ளைகளை ரொம்பவும் பொத்திப் பொத்தி வளர்க்கிறோமோ என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பயம் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பயந்து, சமாளித்து, மறுநாள் அதையே நண்பனிடம் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற சந்தோஷத்தைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கக் கூடாது.

ஆனால் உங்கள் ஆச்சி என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். முனியைப் புளியமரத்திலிருந்து இறக்கும்போது எதிரில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கினார். கடைக்குட்டி அழப் போகிறது என்று தெரிந்தால் முனியை மரத்திலேயே தூங்கவைத்துவிட்டுக் கதையை வேறு பக்கம் திருப்பியிருப்பார். கேட்கிற பிள்ளையும் தன் மனசு தாங்குகிற அளவுக்குத்தான் முனியைக் கற்பனை செய்துகொள்ளும். படம் அப்படி யாருக்காகவும் நிற்காது, யாரோ ஒரு கலைஞன் உட்கார்ந்து வெகு நுணுக்கமாகச் செதுக்கிய உருவத்தை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் காட்டும். அதனால்தான் படத்துக்குப் பக்கத்தில் ஆச்சியின் வேலையைச் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்கிறேன், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்ப்பதைவிடப் பிள்ளையின் முகத்தை அதிகமாகப் பார்த்துக்கொண்டு. டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவதைத் துணிச்சலாக வளர்ப்பது என்று சொல்ல முடியாது.


கேள்வி: எட்டு வயது மகளுக்குக் கொஞ்சம் திகிலான அனிமேஷன் படம் காட்ட ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: 2001-இல் வந்த 'மான்ஸ்டர்ஸ், இங்க்'. இரவில் அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு வருகிற ராட்சதர்களே பிள்ளைகளைக் கண்டால் நடுங்குகிறார்கள் என்பது கதை, அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்து 2017-இல் வந்த 'கோகோ'. மெக்சிகோவில் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் நாளில் நடக்கிறது, படம் முழுக்க எலும்புக்கூடுகள், ஆனால் பார்த்த சிறிது நேரத்தில் அவை தாத்தா பாட்டிகளாகத்தான் தெரியும். வீட்டில் சமீபத்தில் யாராவது தவறியிருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், பெரியவர்களையே அழவைக்கிற படம்.

ஜப்பானின் மியாசாகி எடுத்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது பத்து வயது ஆகட்டும். அதிலும் பெற்றோரை இழந்து மீட்கிற பெண்தான் நாயகி. அம்மாவும் அப்பாவும் யாருக்கோ வைத்த சாப்பாட்டைத் தின்று பன்றிகளாக மாறிவிடுவார்கள், அந்தக் காட்சி தொடக்கத்திலேயே வந்துவிடும். அப்போது பக்கத்தில் இருங்கள், அதைத் தாண்டிவிட்டால் மீதிப் படத்தை அவள் உங்களை நகரவே விடாமல் பார்ப்பாள்.